எண்பத்தைந்து மார்க்குக்கு மேல் பழகக் கூடாது

ஒருவர் புதிய நாட்டுக்குப் போனால் அந்த நாட்டோடு பழகிக்கொள்ள வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் பழகிவிட்டாரா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம்மைப் போன்றவர்கள் முகத்தைப் பார்ப்போம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்போம். அது முறையான வழி அல்ல. முறையான வழி நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம். என் சின்ன மகள் வெளிநாடு போன பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

சின்னவளுக்கு இருபத்துமூன்று வயது. படிப்பை முடித்து ஒரு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்தாள். ஒரு நாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, நான் ஒரு வருஷம் தொண்டு செய்யப் போறேன்."

"தாராளமா செய். பாத்திரம் எல்லாம் அப்படியே கிடக்கு."

"அந்தத் தொண்டு இல்லம்மா. வெளிநாட்டுத் தொண்டு."

வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லம். கீழே விழுந்து எழுந்தவர்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள், இப்படிப்பட்ட பெரியவர்களை மறுபடி நடக்கப் பழக்க வேண்டும். அவர்கள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், இவள் பக்கத்திலேயே நடக்க வேண்டும். சம்பளம் கிடையாது. தங்க ஓர் அறையும் சாப்பாடும் உண்டு. நல்ல காரியம்தானே, கடவுள் விட்ட வழி என்று சம்மதித்தேன்.

அவள் அப்பா சம்மதித்ததற்குக் காரணம் வேறு. அவர் மின்சார அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். படிவம் என்றால் அவருக்குத் தனி மரியாதை, கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் தொடுவார். மகளின் விண்ணப்பம் பதினெட்டுப் பக்கம் இருப்பதைப் பார்த்ததுமே, "நல்ல நாடு" என்று சொல்லிவிட்டார்.

விமான நிலையத்தில் சின்னவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "கவலைப்படாதே கண்ணு. உன் ரூம் அப்படியே இருக்கும். ஒரு துரும்பு நகராது" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த நாட்டில் இறங்கிய மூன்றாம் நாளே அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது. ‘புதிதாய் வந்தோர் பழகுநிலைக் கண்காணிப்பு அலுவலகம்’ என்று ஒன்று இருக்கிறதாம். வெளியிலிருந்து தொண்டு செய்ய வரும் பிள்ளைகள் மாதாமாதம் அங்கே போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். நூற்றுக்கு மார்க். தொடர்ந்து மூன்று மாதம் நாற்பதுக்குக் கீழே வாங்கினால், ‘மேற்படி தொண்டர் இந்நாட்டோடு பழக இயலாதவர்’ என்று எழுதி விமானம் ஏற்றிவிடுவார்கள்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் வானிலையைப் பற்றிக் குறைப்பட்டதுண்டா? உண்டென்றால் மூன்று மார்க். எதற்கென்று தெரியாமல் வரிசையில் நின்றதுண்டா? நான்கு. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது, அவருடைய நாயின் பெயர் மட்டும் தெரியும் என்றால் ஐந்து. தேவையே இல்லாத ஒரு பொருளைத் தள்ளுபடி என்பதற்காக வாங்கியிருந்தால் ஆறு.

முதல் மாதம் சின்னவள் வாங்கியது முப்பத்தொன்று.

"என்னடி இது, கணக்குப் பரீட்சையில கூட நீ இவ்வளவு கம்மியா வாங்கினதில்லையே?"

"வரிசையைப் பார்த்தா எதுக்கு நிக்கறாங்கன்னு வாய் தானாக் கேட்டுடுதும்மா. அங்கேயே நாலு போச்சு."

"கேட்காதே. பேசாம போய் நில்லு. அப்பா அம்மா எல்லாம் அப்படி நின்னுதான் உங்களை வளர்த்தோம்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். அழுதாள். அறையில் ஹீட்டர் போட்டால் யாரோ உள்ளே அடைபட்டுத் தட்டுவது மாதிரி டொக்கு டொக்கு என்கிறதாம், நிறுத்தினால் கால் விறைக்கிறதாம். இரண்டு காலுறை போட்டுக்கொண்டால் செருப்பு நுழையவில்லையாம். நான் காலைப் பிரார்த்தனையில் இன்னும் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டேன். கடவுளே, என் பிள்ளையை அந்த மண்ணோடு ஒட்ட வை.

கடவுள் மெதுவாகச் செய்வார் என்று நினைத்ததோ என்னவோ, அந்த அலுவலகம் தானே ஓர் ஏற்பாடு செய்தது. மார்க் குறைந்த பிள்ளைகளை எல்லாம் ஒரு மண்டபத்தில் வட்டமாக உட்காரவைத்துக் கையில் ஆளுக்கு ஒரு கூழாங்கல்லைக் கொடுத்தார்கள். அதற்கு நிலைக்கல் என்று பெயர். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, கல்லை இறுக்கிப் பிடித்து, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று பன்னிரண்டு முறை சொல்ல வேண்டும்.

"கண்ணைத் திறந்து பார்த்தாலே எங்க இருக்கோம்னு தெரியாதாடி?" என்று கேட்டேன்.

"அதைக் கேட்டதுக்கும் ரெண்டு மார்க் குறைச்சுட்டாங்கம்மா."

நான் இதை என் மருமகளிடம் சிரிப்பதற்காகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கல் எங்க கிடைக்கும் அத்தை?" என்றாள். மறுவாரமே ஒரு பெட்டி வந்து இறங்கியது. இப்போது எங்கள் தெருவில் பாதிப் பேர் சட்டைப்பையில் கூழாங்கல் இருக்கிறது. பிறந்த தெருவை விட்டு எங்கேயும் போகாதவர்கள் பேருந்து நிறுத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்கிறார்கள். பேருந்து போய்விடுகிறது. அவர்கள் சொன்னபடி அங்கேயே இருக்கிறார்கள்.

சின்னவளை அந்த மண்ணோடு ஒட்ட வைத்தது கல் இல்லை. ஒரு தபால்காரர்.

முதியோர் இல்லத்தில் கடைசி அறையில் அவர் இருந்தார். முப்பத்தைந்து வருடம் நடந்து நடந்து ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்தவர். பக்கவாதத்தில் இடது கால் இழுத்துக்கொண்டது. இல்லத்து கேட்டுக்கு வெளியே ஒரு தபால் பெட்டி உண்டு. அவர் கட்டிலிலிருந்து அதற்கு இருநூற்று நாற்பது காலடி. பழைய ஞாபகத்தில் அவரே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"ஊருக்கெல்லாம் நான் கொண்டுபோய்க் கொடுத்தாச்சு. எனக்குன்னு ஒரு லெட்டரை நானே நடந்துபோய்ப் போடணும். அதுக்கப்புறம் உட்காருன்னு சொல்லுங்க, உட்கார்ந்துடறேன்" என்பாராம்.

ஆனால் யார் வந்து தூக்கினாலும் அவர் நடக்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் அவர் ஓர் அடி வைத்ததும் கையைத் தட்டி, ‘சபாஷ், சமத்து’ என்றார்கள். "பாராட்டினா எனக்குக் கால் மடங்கிடுது" என்று உட்கார்ந்துகொள்வாராம். சின்னவளுக்கு அந்த மொழியில் அப்போது பாராட்டத் தெரியாது. எண்ண மட்டும்தான் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே கூட நடந்தாள். முதல் நாள் ஏழு வரை போனார்கள். அதற்கு மேல் அவளுக்கு எண் தெரியவில்லை. மறுநாள் இருபது வரை படித்துக்கொண்டு போனாள்.

அப்படியே ஏறியது, அவர் காலடியும் இவள் மார்க்கும். இரண்டாம் மாதம் முப்பத்தெட்டு. மூன்றாம் மாதம் ஐம்பத்திரண்டு, அதில் நாய்க்குக் கிடைத்த ஐந்தும் சேர்த்தி. நான்காம் மாதம் எழுபது. ஃபோன் எடுத்ததும் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுக்கொண்டிருந்த நான், ‘எத்தனை?’ என்று கேட்க ஆரம்பித்தேன். அவளும், ‘அவர் தொண்ணூறு, நான் எழுபது’ என்பாள்.

ஐந்தாம் மாதம் அவர் நூற்றுப் பத்துக் காலடி நடந்தார். இவள் எண்பத்தெட்டு மார்க் வாங்கினாள். நான் கடவுளுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் பழகுநிலை அலுவலர் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

இளவயது அலுவலர். மேஜை மேல் ஒரு கோப்பு, கோப்பின் மேல் ஒரு கூழாங்கல்.

"வாழ்த்துகள். எண்பத்தெட்டு. முழுசாப் பழகிட்டீங்க."

"நன்றி சார்."

"அதனால நீங்க கிளம்பணும்."

சின்னவளுக்கு மொழி சரியாகப் புரியவில்லையோ என்று சந்தேகம். மறுபடி சொல்லச் சொன்னாள். அவரும் பொறுமையாகச் சொன்னார்.

"பதினாலாம் விதி. அயல்நாட்டுத் தொண்டர்னா அவர் அயலாரா இருக்கணும். எண்பத்தஞ்சுக்கு மேல வாங்கினவங்க அயலார் இல்லை, உள்ளூர் ஆள்."

"சரி சார், உள்ளூர் ஆளாவே இருந்து அதே வேலையைச் செய்யறேன்."

"ரொம்ப நல்லது. உள்ளூர்த் தொண்டராப் பதிய, அஞ்சு வருஷம் இங்க குடியிருந்திருக்கணும்."

"நான் வந்தே அஞ்சு மாசம்தானே ஆகுது?"

"பார்த்தீங்களா, உங்களுக்கே தெரியுது."

"அப்போ நான் அயலார்தானே சார்?"

"மார்க் அப்படிச் சொல்லலையே." கல்லை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "பதறாதீங்க. மூச்சை இழுங்க."

"சார், அங்க ஒருத்தர் என்னோட நூற்றுப் பத்து காலடி நடந்திருக்கார். இன்னும் நூற்று முப்பது பாக்கி. அதுக்கு மார்க் ஏதாவது உண்டா?"

"அது உங்க வேலை. எங்க ஆபீசுக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை."

சின்னவள் இதை ஃபோனில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் தலையை ஆட்டினார். "சரியாத்தான் சொல்லியிருக்கான். நானும் முப்பத்தொரு வருஷம் இதைத்தான் சொன்னேன்" என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில், "வருத்தமாத்தான் சொன்னேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஒரு வழி மட்டும் இருந்தது. முப்பது நாளுக்குள் மார்க் எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அவள் மறுபடி அயலார் ஆகிவிடலாம். நாற்பதுக்குக் கீழே போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். போய் அங்கேயே நின்றுவிட்டால் பழக இயலாதவர்.

இல்லத்தில் ஒரு நர்ஸ் இருந்தார், இவள் அக்கா என்று கூப்பிடுவாள். அவர் படிவத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். தெரிந்துகொண்ட நாயின் பெயரை மறக்க முடியாது. ஆனால் முப்பத்தொன்பதாம் கேள்வி, வீட்டு ஏக்கம். அலுவலர் முன்னிலையில் தாயோடு ஃபோனில் பேசும்போது தொண்டர் கண்ணீர் விட்டால் பத்து மார்க் குறையும். தாயும் சேர்ந்து அழுதால் இன்னும் ஐந்து. துக்கத்தில் பேச்சு நின்றுபோனால் அதற்கு ஓர் ஐந்து.

ஆக, என் மகள் அந்த நாட்டில் இருக்க வேண்டுமானால் நான் அவளை அழவைக்க வேண்டும்.

அன்று காலை பிரார்த்தனைக்கு உட்கார்ந்தவளுக்கு வாய் வரவில்லை. இருபத்துமூன்று வருடமாக, என் பிள்ளையைச் சந்தோஷமாக வை என்று ஒரே பாட்டாகக் கேட்டுப் பழக்கம். இப்போது என்னவென்று கேட்பது? கடவுளே, சந்தோஷமாக வை, ஆனால் எண்பத்தைந்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள் என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று, நாற்பதுக்குக் கீழேயும் வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். அவர் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்ததில்லை. குழம்பியிருப்பார்.

ஏக்க நேர்காணலுக்கு நாள் குறித்தார்கள். காலை பதினொரு மணி. ஃபோன் திரையில் ஒரு பக்கம் சின்னவள், அவளுக்குப் பின்னால் பேனாவோடு அலுவலர். நாங்கள் பேசுவதை அவள் அவருக்கு உடனுக்குடன் மொழிபெயர்க்க வேண்டும். அவர் பேசுவதை எங்களுக்கும் சொன்னாள். சொல்லாமலே பாதி புரிந்தது. எந்த நாடானாலும் அந்தக் குரல் ஒன்றுதான்.

நான் அழுவதற்குத் தயாராக முந்தானையைக் கையில் பிடித்திருந்தேன். என் கணவர் விடவில்லை. முறையாகச் செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"மேற்படி மகளாகிய நீ வீட்டில் இல்லாத காரணத்தினால், இவ்வீட்டில் நிலவிவரும் வெறுமை குறித்து உன் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நாளது தேதி வரை..."

சின்னவள் உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நான் கடவுளுக்கு நன்றி சொல்லப் போனேன். அவள் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "அப்பா, நகல் யாருக்கெல்லாம் போட்டிருக்கீங்க?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழ எடுத்த முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

அலுவலர் எழுதினார்: குடும்பத்தோடு மகிழ்ச்சியாக இருக்கிறார், கூடுதல் மூன்று மார்க். தொண்ணூற்றொன்று.

கிளம்ப இன்னும் ஒன்பது நாள். தபால்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அன்று நூற்றைம்பது காலடி போய் முற்றத்தில் நின்றவர், "நீ போனா நான் உட்கார்ந்துடுவேன். அதுக்கப்புறம் எழுந்திருக்க மாட்டேன். இதை உங்க ஆபீஸர்கிட்ட சொல்லு" என்றாராம். இவள் சொன்னாள். அலுவலர் அதற்குப் படிவத்தில் இடம் தேடினார். இல்லை. இல்லாததால் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு, மேல்முறையீடாக இன்னொரு நேர்காணலுக்கு அனுமதித்தார். "இந்தத் தடவை யாரும் எதையும் வாசிக்க வேண்டாம். வீட்டைக் காட்டட்டும். ஒவ்வொரு அறையையும் காட்டணும். வீட்டைப் பார்த்தா ஏக்கம் வரும்" என்று வழியும் சொன்னார். நல்ல பையன்தான்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவரை யாருக்கும் சொல்லாதது.

குறித்த நேரத்தில் என் கணவர் ஃபோனைத் தட்டில் வைத்த விளக்கு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தார். கூடத்தைக் காட்டினார். சமையலறையைக் காட்டினார். "அம்மா, அந்தக் கைப்பிடி உடைஞ்ச வாணலியை இன்னும் தூக்கிப் போடலையா?" என்று சின்னவள் கேட்டாள். குரலில் கொஞ்சம் ஈரம் இருந்த மாதிரி பட்டது. போதும், இதிலேயே அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவர் நடைவழியில் திரும்பினார்.

"என்னங்க, அங்க வேண்டாம். மொட்டை மாடியைக் காட்டுங்க."

"ஒவ்வொரு அறையையும்னு சார் சொல்லிட்டார்."

"என்னங்க, சொல்றதைக் கேளுங்க."

"ரூல்னா ரூல்" என்று சொல்லிச் சின்னவள் அறைக் கதவைத் தள்ளினார்.

ஜன்னல் பக்கத்தில் என் தையல் மெஷின். சுற்றிலும் பாதி தைத்த பள்ளிக்கூடச் சீருடைகள். மூலையில் அவருடைய பழைய கோப்புகள், இடுப்பு உயரத்துக்கு. கட்டில் சுவரோடு சுவராக, நெட்டுக்குத்தலாக நின்றது. அதன் மேல்புறத்து இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு கயிறு. கயிற்றில் அவருடைய பனியன்கள் நான்கு.



"என் கட்டில் எங்கம்மா?"

"இருக்குடி."

"எங்க?"

"நிக்குது."

அவள் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். "எப்போ நிறுத்தினீங்க?"

"இப்போதான், இந்த மழைக்குத் துணி காயலைன்னு..."

"அம்மா."

ஃபோனில் கடவுள் இருப்பதாக நான் எங்கும் படித்ததில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பொய் வரவில்லை.

"நீ போன மூணாம் நாள்."

அலுவலர் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: பேச்சு நின்றது.

"தூக்கம் வராதப்போ எல்லாம் அந்தக் கட்டில்ல படுத்திருக்கிற மாதிரி நெனச்சுக்குவேம்மா. ஜன்னல் பக்கம் தலை வெச்சு. அப்போதான் ஹீட்டர் சத்தம் கேட்காது." மூக்கை உறிஞ்சினாள். "அஞ்சு மாசமா நிக்கற கட்டில்லயா படுத்திருந்தேன்?"

சொல்லும்போதே உடைந்துவிட்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தபோது அழுத அதே அழுகை. எனக்குத் தாங்கவில்லை. நான் அந்தப் பனியன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் கணவர் ஃபோனை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார், ஆனால் அவர் கண்ணும் சரியில்லை. தந்தையின் கண்ணீருக்கு மார்க் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

அம்மா என்ன சொல்கிறார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அலுவலர் கேட்டார். அழுதுகொண்டே சின்னவள் மொழிபெயர்த்தாள். அவர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். தொண்டர் கண்ணீர், பத்து. தாய் கண்ணீர், ஐந்து. பேச்சு நின்றது, ஐந்து. தொண்ணூற்றொன்றில் இருபது போக எழுபத்தொன்று.

"மிகச் சிறப்பு" என்று எங்களைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி தலையைக் குனிந்தார். "இவ்வளவு தரமான ஏக்கம் இந்த ஆபீஸ்ல இதுவரை பதிவானதில்லை."

சின்னவள் மறுபடி அயலார் ஆனாள். தபால்காரர் மறுநாள் நூற்றைம்பத்தைந்து போனார்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு கோப்பு திறந்தால் தானாக மூடிக்கொள்ளாது என்பார் என் கணவர். பத்தாம் நாள் எங்கள் விலாசத்துக்கே ஒரு கடிதம் வந்தது, எங்களுக்காக எங்கள் மொழியில் பெயர்த்து. கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் பிரித்தார்.

‘தொண்டர் இல்லாமையோடு தங்கள் வீட்டின் பழகுநிலை எங்களால் கணிக்கப்பட்டது. மார்க்: தொண்ணூற்றுநான்கு. எண்பத்தைந்துக்கு மேல் பழகிவிட்ட வீடு தொண்டரின் வீடாகக் கருதப்படாது. வீடு இல்லாதவர் அயல்நாட்டுத் தொண்டராக இருக்க இயலாது. நெட்டுக்குத்தாக நிற்கும் கட்டில் வசிப்பிடம் ஆகாது. எனவே பதினைந்து நாட்களுக்குள் கட்டில் கிடைமட்டமாக உள்ள புகைப்படத்தை அனுப்பவும்.’

"கிடைமட்டம். என்ன அழகான சொல்லு பாரு" என்றார் அவர்.

தையல் மெஷினைக் கூடத்துக்கு இழுத்தோம். கோப்புகளைச் சமையலறைப் பரணில் ஏற்றினோம். கட்டிலைப் படுக்க வைத்தோம், விரிப்பு விரித்தோம், படம் எடுத்து அனுப்பினோம். விரிப்பில் சுருக்கமே இல்லை, நம்பும்படி இல்லை என்று திருப்பி எழுதினார்கள். அவர் ஏறிப் புரண்டுவிட்டு இறங்கினார். தலையணை எங்கே என்று கேட்டார்கள். அதையும் வைத்தோம். ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

அதை நாலு முறை படித்துவிட்டு அவர் சொன்னார்: "எத்தனை நாள் கிடைமட்டமா இருக்கணும்னு இதுல போடலையே. போடாததைச் செய்யறதும் விதிமீறல்தான்."

நான் தயங்கினேன். ஆனால் கூடத்தில் நடக்க வழியில்லை. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, நாற்பது சீருடை தைத்துக் கொடுக்க வேண்டும். மழை வேறு. அன்று சாயங்காலமே கட்டில் எழுந்து நின்றுவிட்டது. ஃபோனில் பேசும்போது நான் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டேன்.

பதினோராம் மாதம், ஒரு திங்கட்கிழமை, தபால்காரர் இருநூற்று நாற்பது காலடி நடந்தார். நர்ஸ் அக்கா பின்னாலேயே நாற்காலியோடு போனாராம், உட்காரவில்லை. யாரும் கை தட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். சின்னவள் எண்ணிக்கொண்டே போனாள். பெட்டிக்கு முன்னால் நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, அவர் கையாலேயே போட்டார். போட்டுவிட்டு, விழுந்த சத்தம் கேட்டதா என்று காதை வைத்துப் பார்த்தாராம். பிறகு, "உட்காரலாம்" என்றாராம். அன்றைக்கு எங்கள் ஃபோனில் யாரும் மார்க் கேட்கவில்லை.

யாருக்குக் கடிதம் என்று கேட்டதற்கு, "வரும் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. என் பெயருக்கு. உள்ளே ஒரே ஒரு வரி, நம் எழுத்தில். எழுதியது போல இல்லை, வரைந்தது போல இருந்தது. சின்னவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அவர் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்திருக்கிறார். நடுங்குகிற கையால் எத்தனை நாள் ஆகியிருக்குமோ.

‘கட்டிலைப் படுக்க வெச்சாச்சா அம்மா?’

நான் அதைத் தையல் மெஷினில் உட்கார்ந்துதான் படித்தேன். எதிரே கட்டில் நின்றது. அன்று காய்ந்தது விரிப்பு.

கேட்டது அவர்தானா, அவள்தானா என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் ஒரு மனிதர் இருநூற்று நாற்பது காலடி நடந்துபோய்க் கேட்டிருக்கிறார். பதில் போட வேண்டும். ‘வெச்சாச்சு’ என்று ஒரு வார்த்தை எழுதினால் முடிந்தது. பேனாவை எடுத்தேன். கை எழுதவில்லை. காலையில்தான் பிரார்த்தனை செய்திருந்தேன்.

"என்னங்க, ஒரு கை பிடிங்க" என்றேன்.

மெஷினை நகர்த்தினோம். விரிப்பை எடுத்து வாளியில் போட்டோம், கயிற்றை அவிழ்த்தோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலைச் சாய்த்தோம். ஜன்னல் பக்கம் தலைமாடு வரும்படி போட்டேன். அதன் மேலேயே உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதினேன்: ‘ஐயா, வெச்சாச்சு. இந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.’ ஒரு சொல்லும் பொய் இல்லை.

என் கணவர் வாங்கிப் படித்தார். அவருக்கு ரொம்பத் திருப்தி.

"எழுதின நேரத்துக்கு உண்மை. இதைவிட ஒரு ஆபீஸ் என்ன செய்யும்?" என்று உறையை ஒட்டிக் கொடுத்தார்.

தெருமுனைத் தபால் பெட்டிக்கு நானே நடந்து போனேன். நூற்றுப் பன்னிரண்டு காலடி. போட்டுவிட்டு, விழுந்த சத்தம் கேட்டதா என்று நானும் கொஞ்சம் நின்று பார்த்தேன்.

திரும்பி வரும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வாளியில் விரிப்பு ஈரமாகவே கிடந்தது. சின்னவள் வர இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

"என்னங்க" என்று கூப்பிட்டேன். அவர் ஏற்கெனவே கட்டிலின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.